இருபது நிமிஷ வெயில்

பதினொன்று நாற்பது. கைப்பேசியில் இருபது நிமிஷத்துக்கு அலாரம் வைத்துவிட்டு, ரூபாவதி பிளாஸ்டிக் நாற்காலியை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அங்கே இருந்தால்தான் எதிர்க் கட்டடத்துச் சன்னல்களுக்குத் தெரியாது. நைட்டியின் கைகளைத் தோள்வரை சுருட்டி, கீழ்விளிம்பை முழங்கால்வரை ஏற்றிவிட்டு, யாராவது வருகிறார்களா என்று படிக்கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். ஐம்பத்தொரு வயதில் இப்படி உட்கார வேண்டியிருக்கிறது. கை, கால், முடிந்தால் முதுகு, எல்லாத்துலயும் நேர்வெயில் படணும்மா, பதினொண்ணுலேருந்து ஒரு மணிக்குள்ள, சன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில் கணக்கில்லை என்று அந்த டாக்டர் பெண் சொல்லியிருந்தாள். கணக்கில்லை. பெரம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தாறு வருஷம், வெயிலைத் திட்டாத நாளே கிடையாது, கடைசியில் அவளுக்கு வெயில் பத்தவில்லையாம். ரத்தத்தில் வைட்டமின் டி இருபதுக்கு மேலே இருக்க வேண்டியது ஒன்பதுதான் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பாலில் கலக்கிக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், எட்டு வாரம். வெளுப்பான மாவு, லேசான இனிப்பு. முதல் பொட்டலத்தைப் பிரித்தபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது, வெயிலைப் பொடித்து விற்கிறார்களே என்று. இப்போது சிரிப்பு வரவில்லை. தரையில் பதித்த வெள்ளை ஓட்டிலிருந்து சூடு கெண்டைக்காலில் ஏறியது. கீழே, இரண்டாவது மாடியில், வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்திருக்கிறாள். மகன் எபி கூப்பிட்டால் கேட்க வேண்டும். கூப்பிட்டானா? இல்லை, அது யார் வீட்டிலோ குக்கர். இன்னும் பத்தொன்பது நிமிஷம்.

கூப்பிடுவது என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான், ம்மா. பசித்தாலும் ம்மா, நனைந்துபோனாலும் ம்மா, தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்தாலும் ம்மா. பிறந்தபோது மூச்சு வரத் தாமதமாகிவிட்டது, நாலு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ, அந்த நாலைந்து நிமிஷத்துக்கு இருபத்திரண்டு வருஷம். எபனேசர் என்று பெயர் வைத்தது அவன் அப்பா செல்லத்துரை. ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்த மனுஷன், இரும்பு தூக்கித் தூக்கி உரமேறிய கை. மகனை ஒரு துண்டைப்போலத் தோளில் போட்டுக்கொள்வார். சாயங்காலமானால் இதே மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்து ரயில் போவதைக் காட்டுவார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு தூக்குவது எல்லாம் ரூபாவதி. கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை முக்காலி, முக்காலியிலிருந்து திரும்ப நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். காலையில் ஒரு சுற்று, மத்தியானம் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. நாற்பத்தொரு கிலோ. அவள் நாற்பத்தெட்டு. அஞ்சு கிலோவுக்கு மேல எதையும் தூக்கக்கூடாது என்றாள் டாக்டர். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள்! அஞ்சு கிலோ என்றால் அவனுடைய ஒரு கால். ஒரு கால்கூட இருக்காது.

டாக்டர்மேல் கோபப்பட என்ன இருக்கிறது, நல்ல பெண். போன வாரம் முதுகுவலி என்றுதான் ரூபாவதி போனாள், ஒரு களிம்பும் மாத்திரையும் தருவார்கள் என்று நினைத்து. படமெடுக்கச் சொன்னார்கள், பிறகு மேசையில் படுக்கவைத்து மேலே ஒரு கருவி மெல்ல நகர்ந்துபோகும் இன்னொரு சோதனை. எலும்பு அடர்த்தி மூன்று புள்ளி நாலு என்று வந்தது, அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. டாக்டர் பேனாவால் படத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்க பாருங்கம்மா, இந்த முதுகெலும்பு அமுங்கியிருக்கு. நசுங்கின டப்பா மாதிரி. கர்ப்பப்பை எடுத்தாங்களா? எத்தனை வயசுல?" முப்பத்தெட்டில். சினைப்பையும் சேர்த்தா? சேர்த்துத்தான். டாக்டர் எழுதிக்கொண்டாள். "வீட்டுக்குள்ளேயே இருக்கீங்களா?" ஆமாங்க. "வெயிட் தூக்குற வேலை ஏதாச்சும் உண்டா?" அந்த இடத்தில்தான் ரூபாவதி ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். இல்லீங்க டாக்டர் என்றாள். "தண்ணிக் குடம், அரிசி மூட்டை, பேரப்பிள்ளைங்க?" பேரப்பிள்ளை எல்லாம் இல்லீங்க. அது பொய்யில்லை. முதலில் சொன்னது பொய். ஏன் சொன்னாள்? சொல்லியிருந்தால் டாக்டர் பேனாவைக் கீழே வைத்திருப்பாள், கண் கனிந்திருக்கும், ஆள் வைச்சுக்கோங்கம்மா என்றிருப்பாள், இல்லாவிட்டால் அந்த மற்றதைச் சொல்லியிருப்பாள். ஆள் வைத்துப் பார்த்தாயிற்று. மூன்று மாதம் வந்தான் ஒருவன், நல்ல பேச்சு, சுத்தமான சட்டை. ஒரு நாள் எபியைத் துடைக்கும்போது தொடையின் உள்பக்கம் நகம் பதிந்த நீலம், ஒன்றில்லை, வரிசையாக. யாரிடம் போய்ச் சொல்வான் அவன்? ம்மா என்பான். ம்மா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான், அவள் பசி என்று நினைத்துச் சோறு ஊட்டியிருக்கிறாள்.

மற்றதைச் சொல்வது நாத்தனார் ஜெபமணி. "மைனி, நீங்க இருக்கறப்பவே அவன் ஒரு இடத்துல பழகிட்டா நல்லதுல்லா. நீங்க போனபிறகு யாரு பாப்பா?" தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. போன வருஷம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு காப்பகம், வேப்பமரங்கள் நின்ற பெரிய வளாகம். கழுவித் துடைத்த தரை, நாற்பது கட்டில், சன்னல்கள் மட்டும் ஆள் உயரத்துக்கு மேலே. ஒரு பையனின் மணிக்கட்டை மெத்தென்ற துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். முகத்தை அடிச்சுக்குறான்மா, அவன் பாதுகாப்புக்குத்தான் என்றார்கள் அங்கிருந்த சிஸ்டர். அன்பாகத்தான் சொன்னார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் ரூபாவதி தன் மணிக்கட்டையே தடவிக்கொண்டிருந்தாள். நீங்க போனபிறகு யாரு பாப்பா. நீங்க போனபிறகு. ஞாயிறு ஆராதனையில் மண்டியிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற நேரத்தில் அவள் கேட்கிற ஒன்று இருக்கிறது, பக்கத்தில் மண்டியிடுகிறவர்களுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பாள். ஆண்டவரே, இவனை எனக்கு முந்தி எடுத்துக்கொள்ளும். ஒரு நாள் முந்தினால் போதும். கேட்டு முடித்த அடுத்த மூச்சிலேயே, இல்லை, இல்லை, நான் சொல்லவில்லை, கேட்காததுபோல விட்டுவிடும் என்று அடித்துப்பிடித்துக்கொண்டு வேறொரு ஜெபம். வீட்டுக்கு ஓடிவந்து கதவைத் திறந்து அவன் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபிறகுதான் செருப்பைக் கழற்றுவாள். இப்போது ஏறி இறங்குகிறதா? ஏன் சத்தமே இல்லை? தலையைச் சாய்த்துக் கேட்டாள். தொழிற்சாலைப் பக்கமிருந்து இரும்பு உரசும் சத்தம், காக்கை, தொட்டிக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம். ம்மா இல்லை. பதினாறு நிமிஷம் ஆகியிருந்தது. அந்தப் பக்கமாகத் திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நைட்டியின் துணிக்கு மேலே வெயில் ஒரு உள்ளங்கையைப்போல அழுத்தியது, அமுங்கிப்போன அந்த எலும்பு எந்த இடத்தில் இருக்கும் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

போன வியாழக்கிழமை. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். மத்தியானத்துக்கு என்ன செய்வது, பருப்பு இருக்கிறது, கீரை வாடிப்போயிருக்கும். போன வியாழக்கிழமை காலையில் முக்காலியிலிருந்து அவனைத் தூக்கும்போது முதுகுக்குள் மளுக்கென்று ஒரு சத்தம், காதுக்குக் கேட்டதா உடம்புக்குக் கேட்டதா தெரியவில்லை, கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ பரவியது. கையை விடவில்லை. அதை அவள் ஆயிரம் தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாகிவிட்டது, நான் கையை விடவில்லை. கையை விடாததால் அவனோடு சேர்ந்தே ஈரத்தரையில் சரிந்தாள், அவன் கீழே, அவள் பாதி அவன்மேல். எபி முதலில் சிரித்தான். அம்மா தன்னோடு தரையில் கிடந்தது அவனுக்கு விளையாட்டாகப் பட்டிருக்க வேண்டும். பிறகு அழுதான். குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, எட்டி மூட முடியவில்லை. நாற்பது நிமிஷம் அப்படியே கிடந்தார்கள். எதிர்வீட்டில் பிர்தௌஸின் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு குரல் கொடுத்தால் போதும், வந்திருப்பாள். ரூபாவதி கொடுக்கவில்லை. வந்து பார்த்துவிட்டால் அது நடந்ததாகிவிடும். யாரும் பார்க்காதவரை அது நடக்காதது. முழங்கையை ஊன்றி, வாளியைப் பிடித்து, அவனை அங்குலம் அங்குலமாக இழுத்து, எப்படியோ கட்டிலில் சேர்த்தாள். அவள் தூக்கும்போது உதவுவதற்கு அவனுக்கென்று ஒரு வழி இருந்தது. அவள் அக்குளில் கைகொடுத்ததும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வான், கன்னம் உப்பும், தான் கனம் குறைந்துவிட்டதாக அவன் நினைப்பு. அன்றைக்கும் அந்த அழுகைக்கு நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து கால்சட்டை மாற்றும்போதெல்லாம் அலறுகிறான். வலதுகால். நரம்பு இழுத்துக்கொள்வது அவனுக்கு வழக்கம்தான், இழுத்துக்கொண்டால் எண்ணெய் சுடவைத்துத் தேய்த்துவிடுவாள், தளர்ந்துவிடும். இந்தத் தடவை தளரவில்லை. அதனால் இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

வெயில் உச்சந்தலையில் இறங்கியது. உப்பு வியர்வை கண்ணில் வழிந்தது. யாருக்கெல்லாம் இந்தச் சத்து குறையும் என்று ஆஸ்பத்திரியில் தான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே ஒரு படம் ஒட்டியிருந்தார்கள், சிரிக்கிற சூரியனும் அதற்குக் கீழே எழுத்தும். அவள் பெயரைக் கூப்பிடும்வரை முக்கால் மணி நேரம் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதவிலக்கு நின்ற பெண்கள். ஆமாம், நான்தான். வயதானவர்கள். வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள். ஆமாம், நானேதான் என்று அதையும் தனக்கே எடுத்துக்கொண்டாள். அதற்கு அடுத்த வரி என்ன? வலிப்பு நோய்க்கு நெடுங்காலம் மாத்திரை எடுப்பவர்கள். அது தனக்கில்லை என்று தாண்டிப் போய்விட்டாள். வலிப்பு மாத்திரை. காலையில் ஒன்றரை, ராத்திரி இரண்டு, ஆறு வயதிலிருந்து. வலிப்பு மாத்திரை, வீட்டுக்குள்ளேயே. நாலு வருஷமாக அவன்மேல் வெயில் பட்டதே கிடையாது. அவள் கீரை வாங்கத் தெருவுக்காவது இறங்கியிருக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள், துணி காயப்போட இங்கே வந்திருக்கிறாள். அவனுக்கு எது? சன்னல் கண்ணாடி வழியாக வந்தது கணக்கில்லை. ஐந்து நாளாக இங்கே ஏறிவந்து கையையும் காலையும் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், தன் எலும்பு, தன் முதுகு, தான் விழுந்துவிட்டால், தான் போய்விட்டால் என்று. அவன் எலும்பு என்ன கதியில் இருக்கும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே! வியாழக்கிழமை மளுக்கென்றது யாருக்குள்? தன் முதுகு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் முழுப் பாரமும் அவன் தொடைமேல்தானே இறங்கியது. வீக்கம் இருந்தது. எண்ணெய் தேய்க்கும்போது இடதுகாலைவிட வலதுகால் தடித்திருப்பது கையில் தட்டுப்பட்டது, தட்டுப்பட்டது, தெரிந்தேதான் தேய்த்தாள். ஐந்து நாள், காலையும் மாலையும். உடைந்த எலும்பின்மேல் கட்டைவிரலை ஊன்றி, இன்னும் கொஞ்சம்டா தங்கம், சரியாப் போயிடும்டா. நேற்றிலிருந்து அவன் கூப்பிடுவது குறைந்துவிட்டது. வலி குறைந்திருக்கிறது என்று நினைத்து ஸ்தோத்திரம்கூடச் சொன்னாள். கூப்பிட்டால் அம்மா வருவாள், வந்தால் காலை அழுத்துவாள். அதனால் அவன் கூப்பிடவில்லை.

எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கண் இருட்டியது. வெளிச்சத்திலிருந்து படிக்கட்டுக்குள் நுழைந்ததும் படி எது நிழல் எது என்று தெரியவில்லை, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு ஒரு படி, இன்னொரு படி, மூன்றாவதில் நின்றுவிட்டாள். விழுந்துவிடக்கூடாது. இப்போது விழுந்தால் யாருக்கும் தெரியாமல் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கிடக்க வேண்டியதுதான். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் அலாரம் அடித்தது, பன்னிரண்டு மணி, அதை நிறுத்த விரல் வரவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. கீழிருந்து யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. நனைந்த துணிவாளியோடு பிர்தௌஸ். நாற்பது வயதிருக்கும், பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். மூன்று வருஷமாக எதிர்வீடு, பார்க்கும்போதெல்லாம் சாப்பாடாச்சா, ஆச்சு, அவ்வளவுதான். "என்ன எபியம்மா, இங்க உக்காந்துட்டீங்க? மயக்கமா?" வாய்க்கு மனப்பாடமாகிவிட்ட சொல் வந்து பல்லில் நின்றது. ஒண்ணுமில்ல. செல்லத்துரை செத்த அன்றிலிருந்து எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள், ஒண்ணுமில்ல, சமாளிச்சுக்குவேன், பழகிடுச்சு. அதைச் சொன்னால் பிர்தௌஸ் மேலே போய்விடுவாள். சொல்லிவிட்டுக் கீழே போய், கதவைச் சாத்திக்கொண்டு, மறுபடியும் அவன் அக்குளில் கையைக் கொடுக்க வேண்டும்.

"பிர்தௌஸ், என்னால அவனைத் தூக்க முடியல."

சொன்ன குரல் யாருடையதோபோல இருந்தது. "என்னால முடியல. கீழ போட்டுட்டேன். வியாழக்கிழமை. கால் உடைஞ்சிருக்கு, நான் அதைப் போட்டுத் தேய்ச்சிருக்கேன். என் கையாலயே தேய்ச்சிருக்கேன்." பிர்தௌஸ் வாளியைப் படியில் வைத்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதலில் அலாரத்தை நிறுத்தினாள். பிறகு, "வியாழக்கிழமை சத்தம் கேட்டுச்சும்மா," என்றாள் மெதுவாக. "மெஷினை நிறுத்திட்டு நின்னேன். கதவைத் தட்டலாமான்னு உங்க வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க ஏதாச்சும் நினைச்சுக்குவீங்களோன்னு திரும்பிட்டேன்." இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவள் கைகொடுக்க, ரூபாவதி ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

எபி விழித்துத்தான் இருந்தான். அம்மாவைக் கண்டதும் அவன் செய்த காரியத்தை அவளால் பார்க்க முடியவில்லை, வலதுகாலை அசைக்காமல் மேலுடம்பை மட்டும் சுவர்ப்பக்கம் நகர்த்தப் பார்த்தான். போர்வையை விலக்கிப் பார்த்த பிர்தௌஸ், "யா அல்லாஹ்," என்று வாயைப் பொத்திக்கொண்டு, தன் வீட்டு வாசலுக்குப் போய்க் கணவர் ஜாபரைக் கூப்பிட்டாள். அவர்தான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டார், இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது, பிள்ளைக்கு நடக்க வராது என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். ரூபாவதி கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். தொட மாட்டேண்டா, அம்மா தொட மாட்டேன், தொட மாட்டேன். ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து, காலின் இரண்டு பக்கமும் பலகை வைத்துக் கட்டினார்கள். எத்தனை நாளாச்சு என்று கேட்டான் ஒருவன். அஞ்சு நாள் என்றாள். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பான் என்று காத்திருந்தாள், அவன் கேட்கவில்லை. பழக்கத்தில் அவள் கை அவன் தோளுக்கடியில் போனது. "நீங்க பிடிக்காதீங்கம்மா, தள்ளிக்கோங்க, நாங்க பாத்துக்குறோம்." தள்ளிக்கொண்டாள். மூன்று ஆண்கள் ஸ்டிரெச்சரைத் தூக்கியபோது எபி வழக்கம்போல மூச்சை இழுத்துப் பிடித்துக் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டதையும், அவர்கள் படித் திருப்பத்தில் அவனைச் சாய்த்துத் திருப்பியதையும், பின்னால் வெறுங்கையோடு இறங்கிக்கொண்டே பார்த்தாள். இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இறங்கும் வழியெல்லாம் எலும்பு கூடுமா, கூடாதா, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் யார் கூட இருப்பது, வீட்டுக்கு வந்தபிறகு யார், அதற்குப் பிறகு, அதற்கும் பிறகு என்று ஓடியது. டாக்டரிடம் இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அதுமட்டும்தான் தெரிந்தது.

சந்து முனையில் தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே நின்றது. அது நகர்ந்தால்தான் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வர முடியும். ஸ்டிரெச்சரை வாசல் கேட்டுக்கு வெளியே சிமெண்டுத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, ஜாபரும் ஓட்டுநரும் லாரிக்காரனைத் தேடிப் போனார்கள். நடு மத்தியானம், அங்கே ஒரு துளி நிழல் இல்லை. வெயில் எபியின் முகத்தில், நாலு வருஷமாக வெளுத்துப்போயிருந்த கையில், கழுத்தில், முழுதாக விழுந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைச் சுளித்தான். பிடித்திருந்த மூச்சை விட்டான். ரூபாவதி குனிய முடியாமல் மண்டியிட்டு, தன் உள்ளங்கையை அவன் நெற்றிக்கு மேலே நிழலாகப் பிடித்தாள். பிடித்த கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"ஐயோ, புள்ள முகத்துல வெயில் அடிக்குதே," என்று பிர்தௌஸ் துப்பட்டாவை விரித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"வேணாம் பிர்தௌஸ்," என்றாள் ரூபாவதி. "லாரி நகர்ற வரைக்கும் படட்டும்."